கேட்காமல் எழுதிய 'இல்லை'

கிள்ளானில் இருக்கும் கெர்ட்ரூட் வீட்டுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை போவது அமுதவள்ளியின் வேலை. போய், வீட்டின் முன்புறத்தில் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன்மேல் ஓர் எஃகு உருண்டையைப் பொருத்தி, அதன் வால்வைத் திறந்துவிட்டு வர வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் மூடி எடுத்துவர வேண்டும். உருண்டைக்குள் ஒன்றும் இருக்காது. உள்ளே இருந்த காற்றைக்கூட முன்பே உறிஞ்சி எடுத்திருப்பார்கள். திறந்துவிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் அக்கம்பக்கத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்றைப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் அதில் என்னென்ன ஆவி கலந்திருக்கிறது என்று தெரியும். கார்ப் புகைக்கு ஒரு விகிதம், பெட்ரோல் ஆவிக்கு ஒரு விகிதம், பெயிண்டுக்கும் அதைக் கரைக்கிற தின்னருக்கும் வேறொரு விகிதம். மரம் செடி விடுகிற ஆவிக்குக்கூட ஓர் அடையாளம் உண்டு. அதையெல்லாம் வைத்து எது எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். சுருக்கமாகச் சொன்னால், நாற்றத்துக்குத் தகப்பன் யார் என்று கண்டுபிடிக்கிற வேலை.

இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாரும் நம்புவதில்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாளாம் என்று சிரித்தார்கள். அவளும் முதல் பத்து வருஷம் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, லேப்பில் வேலை என்று சொல்லி முடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயது, தேய்ந்துபோன வலது முட்டி, பாதி நாள் ஓடாத லிஃப்ட், நாலாவது மாடி. களைப்பு என்பது அவளுக்கு ஒரு நாள் வந்து மறுநாள் போகிற சமாசாரமாக இல்லை. காலையில் எழும்போதே அதுவும் கூடவே எழுந்துகொள்ளும்.

கிள்ளானைச் சுற்றி மொத்தம் ஏழு இடங்களில் உருண்டை வைத்தார்கள். மற்ற ஆறும் பள்ளிக்கூட மொட்டைமாடி, கிளினிக் கூரை என்று ஆளில்லாத இடங்கள். நாலாவது இடம் மட்டும்தான் வீடு. அந்த வீட்டுக்காகத்தான் இந்த ஆய்வே வந்தது என்றும் சொல்லலாம்.

கெர்ட்ரூட்டுக்கு அறுபத்தேழு வயது. கணவர் மரியநாயகம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இந்த வரிசை வீட்டை வாங்கிக் குடிவந்து, ஆறே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுப் பின்பக்கம் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை. சோபா, அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் செய்து, தின்னர் கலந்து மெருகு அடித்து அனுப்புகிற இடம். மத்தியானம் இரண்டு மணி ஆனால் அங்கிருந்து தித்திப்பாக ஒரு வாடை கிளம்பும். முதலில் நன்றாகத்தான் இருக்கும். கால் மணி நேரத்தில் கண் எரியும், தொண்டை கட்டும், தலை சுற்றும். கெர்ட்ரூட்டுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. நாலு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த அலுவலகத்துக்கு என்று கேட்காதீர்கள், முகவரி தெரிந்த எல்லா அலுவலகத்துக்கும்தான். அதிகாரிகளும் வந்தார்கள், காலை பத்து மணிக்கு. மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டில் லோரி அதிகம் ஆன்டி, அந்தப் புகைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில்தான் இந்த ஆறு மாத ஆய்வு. வாடை தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று ஆய்வு சொல்லிவிட்டால் அவர்கள் ஆவியை வடிகட்டும் கருவி போட்டே ஆக வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் கெர்ட்ரூட்டின் புகார்க் கோப்பை மூடிவிடுவார்கள். இனி எத்தனை கடிதம் எழுதினாலும் அதே பதில்தான் வரும். அது கெர்ட்ரூட்டுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்த உருண்டையை அவள் சாமி வந்து இறங்கிய மாதிரி வரவேற்றாள்.

முதல் தடவை அமுதவள்ளி அலுவலகத்தின் சின்னக் காரில் போனாள். அடுத்த நடையிலிருந்து வேன் கொடுத்தார்கள், திருச்செல்வம் ஓட்டினார். பதினோரு வயதுக் கிழட்டு வேன். தெருவில் நிறுத்தினால் அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று கெர்ட்ரூட்டே கேட்டைத் திறந்து, உள்ளே விடச் சொன்னாள். வீட்டு முன்புறம் வழவழவென்று வெள்ளை டைல்ஸ். ஒரு கீறல், ஒரு கறை கிடையாது. கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்திருக்கும். காப்பி, தட்டு நிறைய முறுக்கு, சில நாள் கேக். திருச்செல்வம் வெட்கப்படாமல் சாப்பிடுவார். அமுதவள்ளி முட்டியை நீட்டி உட்கார்ந்து தன் கதையைச் சொல்வாள். மூத்தவள் ஜொகூரில் வேலைக்குப் போனது, வாரத்துக்கு ஒருமுறைகூடப் போன் பண்ணாதது, லிஃப்ட், முட்டி. கெர்ட்ரூட் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஏழு இடத்தில் இந்த ஒரு இடத்துக்குப் போகத்தான் அமுதவள்ளிக்கு மனசு வரும்.

உருண்டையோடு ஒரு படிவமும் உண்டு. எடுக்கப் போகும் நாளில் வீட்டுக்காரரிடம் கேட்டு நிரப்ப வேண்டியது. கடந்த ஒரு நாளில் பக்கத்தில் பெயிண்ட் அடித்தீர்களா? தின்னர், டர்பன்டைன் உபயோகித்தீர்களா? கொசு மருந்து அடித்தீர்களா? குப்பை எரித்தீர்களா? ஊதுபத்தி, சாம்பிராணி? இப்படிப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முதல் தடவை அமுதவள்ளி ஒழுங்காகக் கேட்டாள். குப்பை எரித்தீர்களா என்றதும் கெர்ட்ரூட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது, நான் அப்படிப்பட்ட ஆளா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அதற்குப் பிறகு அமுதவள்ளி கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமான வீட்டில் கேட்க என்ன இருக்கிறது என்று அவளே பன்னிரண்டு கட்டத்திலும் இல்லை என்று கோடு போட்டுவிடுவாள். போகப் போக, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வேன் நிற்கும்போதே மடியில் வைத்து எழுதிவிடுவாள். இரண்டு நிமிஷ வேலை. மொத்தம் முப்பத்தொரு படிவம். அதில் முப்பது, கேட்காமல் எழுதியது.

ஆறு மாதம் முடிந்து, கணக்கெல்லாம் போட்டு, ஒரு வியாழக்கிழமை கமலநாதன் அவளைக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்துத் தலைவர், டாக்டர் பட்டம் வாங்கியவர், நல்ல மனிதர். எண்களைத் தவிர வேறு எதையும் சீக்கிரம் நம்பமாட்டார். கணினியைத் திருப்பிக் காட்டினார். மற்ற ஆறு இடத்திலும் கார்ப் புகைதான் பாதிக்கு மேல். நாலாவது இடத்தில் மட்டும் தின்னர் ஆவி எகிறி நின்றது. அமுதவள்ளிக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மாட்டிக்கிட்டானுங்க என்று நினைத்தாள்.

கமலநாதன் தலையை ஆட்டினார். காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்த நாளிலும் ஏறக்குறைய அதே அளவுதான், எதிர்ப்பக்கமிருந்து அடித்த நாளிலும் அதே அளவுதான். தொழிற்சாலை மூடியிருந்த நோன்புப் பெருநாள் வாரத்தில்கூட அதே அளவு. முதல் நாள் மட்டும் குறைவு. ஆக, தின்னர் பின்பக்கத்திலிருந்து வரவில்லை.

"வீட்டுக்குள்ளேயே இருந்து வருது, அமுதா. அந்தம்மாதான் ஏதோ பண்றாங்க. நீ முப்பத்தொரு தடவ கேட்டிருக்கே, முப்பத்தொரு தடவயும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அப்ப மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?"

அமுதவள்ளி வாயில் வந்ததை மென்று விழுங்கிக்கொண்டாள். அறிக்கையில் அதற்கான வரியைக்கூட அவர் எழுதி வைத்திருந்தார். நாலாவது இடத்தில் காணப்படும் ஆவிக்கு வீட்டாரின் சொந்த உபயோகமே காரணம் என்றும், வீட்டார் அதைத் தெரிவிக்கவில்லை என்றும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதிகாரிகள் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். நாலு வருஷமாகத் தொழிற்சாலைமேல் புகார் சொன்னவளே தின்னர் ஊற்றிக்கொண்டு பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். கோப்பை மூடுவது மட்டுமில்லை, முகத்தில் கரி பூசித்தான் மூடுவார்கள். பூசப்போகும் கரி தன் கையெழுத்து என்பது அமுதவள்ளிக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போய், சொல்லாமலே திரும்பினாள்.

சனிக்கிழமை தானாகவே கிளம்பி, சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் கெர்ட்ரூட்மேல் அவளுக்குக் கோபமும் இருந்தது. தின்னர் எதற்கு? சொன்னால் என்ன? முப்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி கொடுத்தவள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கேட்கவே இல்லையே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அதை ஒதுக்கிவிட்டுக் கோபத்தையே பிடித்துக்கொண்டாள்.

மணி இரண்டரை. கேட் பூட்டியிருந்தது. அது வேறு வீடு என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். தெருவிலேயே அந்தத் தித்திப்பு வாடை நின்றது. இத்தனை நாளும் அவர்கள் வந்துபோனது காலை ஒன்பது மணிக்கு; இந்த நேரத்தில் இந்த வாசலில் அவள் நின்றதே இல்லை. பலமுறை கூப்பிட்ட பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. கெர்ட்ரூட் பழைய நைட்டியோடு, இன்னொரு ஈரத்துண்டை மூக்கில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லாம வந்துட்டியேம்மா. வீடு குப்பையா கெடக்கு."

உள்ளே இருட்டு. மின்விசிறி மட்டும் சுற்றியது. எல்லா ஜன்னல் இடுக்கிலும் துணி. மேசைமேல் மூச்சுக்கு இழுக்கும் மருந்து, தண்ணீர், பக்கத்தில் மணியும் தேதியும் எழுதிய நோட்டு. அமுதவள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு நாளில் நாலு நாள் இந்த வீடு இப்படித்தான் இருக்கிறது. அவர்கள் வருகிற நாளில் மட்டும்தான் கதவெல்லாம் திறக்கிறது.

காப்பி போட எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, அமுதவள்ளி நேராகக் கேட்டாள். வீட்டில் தின்னர் இருக்கிறதா?

கெர்ட்ரூட் எழுந்து போய், சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். ஒளிவுமறைவே இல்லை. இதற்கு ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாள் என்றுதான் பார்த்தாள். பட்டறையிலிருந்து வந்ததும் மரியநாயகம் கையில் இருக்கும் கிரீஸை இதைத் தொட்டுத்தான் துடைப்பாராம். கிரில், தரை, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் இதுதான். அவர் போன பிறகும் அவள் விடவில்லை. எண்ணெய்க் கறைக்கு இதைப்போல ஒன்றும் கேட்காது.

"எண்ணெய்க் கறை எங்க ஆன்டி வந்துச்சு?"

கெர்ட்ரூட் தயங்கினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அமுதவள்ளியின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க வேன்ல ஒழுகுதும்மா. ஒவ்வொரு தடவயும் டைல்ஸ்ல இவ்ளோ பெருசா நிக்கும். நீங்க அந்தப் பக்கம் போனதும் தொடச்சிடுவேன். சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்லா. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட போய் அதச் சொல்வாங்களா?"

வேனில் எண்ணெய் ஒழுகுகிறது என்று திருச்செல்வம் மூன்று முறை எழுதிக் கொடுத்தது அமுதவள்ளிக்குத் தெரியும். அலுவலகத்தில் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். அவர்கள் வேன் எண்ணெய் சிந்தும். அவர்கள் உருண்டையைத் திறந்துவிட்டுப் போவார்கள். உடனே இவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, உருண்டைக்கு ஆறடி தள்ளி, தின்னர் தொட்டுத் துடைப்பாள். மறுநாள் வந்து சுத்தமான தரையைப் பார்த்து அமுதவள்ளி பன்னிரண்டு முறை இல்லை என்று எழுதியிருப்பாள்.

"தின்னர் வாடை உங்களுக்குத் தெரியலையா ஆன்டி? பின்னாடி இருந்து வர்றதும் அதே வாடைதானே?"

"இது எப்படி அது ஆகும்?" கெர்ட்ரூட்டுக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. "இது அவரு கை வாசம்மா. முப்பத்தெட்டு வருஷம் மோந்தது."

அதற்குமேல் அமுதவள்ளிக்குக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையில் எழுதியிருப்பதையும், படிவத்தையும், நெரிசலில் மடியில் வைத்துக் கோடு போட்டதையும். கெர்ட்ரூட் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துத் துண்டை மடியில் விரித்து மடித்தாள், மறுபடி விரித்தாள்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு இருக்கு."

"நான் எழுதினது அப்படி ஆயிடுச்சு."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அமுதா. எவ்ளோ பேசினோம். ஒம் முட்டி, ஒம் பொண்ணு, லிஃப்ட். எல்லாம் கேட்டேனே. நீ இத ஒண்ணு என்கிட்ட கேட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவு கசப்பான காப்பியை அமுதவள்ளி அந்த வீட்டில் குடித்ததில்லை. சர்க்கரை போட மறந்துவிட்டாளா, போட மனம் வரவில்லையா என்று கேட்கவும் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை அமுதவள்ளி கமலநாதன் அறைக்குப் போய்க் கடிதத்தை வைத்தாள். முப்பது படிவம் கேட்காமல் நிரப்பப்பட்டது, தின்னர் எங்கள் வேன் சிந்திய எண்ணெயைத் துடைக்க உபயோகிக்கப்பட்டது, வீட்டார் எதையும் மறைக்கவில்லை. அவர் இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் களைப்புதான்.

முப்பது நாளையும் தூக்கிப்போட வேண்டும் என்றார். மிஞ்சுவது முதல் நாள் ஒன்று, அன்று காற்று வேறு பக்கம். அதனால் நாலாவது இடத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். பழி போய்விடும், சரி. ஆனால் பின்னால் இருப்பவன்மேல் சொல்லவும் ஒன்றும் இருக்காது. கோப்பு எப்படியும் மூடப்படும். இன்னொரு ஆறு மாதத்துக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், இனி வெளியிடத்து வேலையும் கிடையாது. இவையெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். கடைசியாக ஒன்றைக் கேட்டாள். சோதனைக்காக எடுத்து வைத்திருந்த உபரி உருண்டை ஒன்று அலமாரியில் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அதை ஒரு நாள் வைக்கலாமா?

"ஒரு நாள வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, உனக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர். ஆனா அந்த ஒரு நாளாவது ஒழுங்கா இருக்கட்டும்."

அவர் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று கணினியில் பார்த்தார். புதன்கிழமை மேற்கிலிருந்து, தொழிற்சாலைப் பக்கமிருந்து. அதுதான் அவளுடைய கடைசி வெளிவேலை என்று சொல்லி அனுமதித்தார்.

புதன்கிழமை காலை திருச்செல்வத்திடம் வேனைத் தெருமுனைக் கோயிலுக்கும் அப்பால் நிறுத்தச் சொன்னாள். அவர் தூக்கி வருகிறேன் என்றதை மறுத்துவிட்டாள். முக்காலியைத் தோளில் மாட்டி, உருண்டையை இடுப்பில் இடுக்கி, நொண்டிக்கொண்டே முந்நூறு அடி நடந்தாள். கெர்ட்ரூட் கேட்டைத் திறந்தாள். கதவு ஜன்னல் திறக்கவில்லை, காப்பி இல்லை. அமுதவள்ளி ஒவ்வொன்றாக விளக்கினாள். நாளைக் காலை வரை இதன் பக்கத்தில் தின்னர் கூடாது, கொசுவர்த்தி கூடாது, யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, எதையும் தெளிக்கக் கூடாது. ஒன்று பட்டாலும் இந்த ஒரு நாளும் போய்விடும். கெர்ட்ரூட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"நான் பாத்துக்கறேன். நீ போ."

வியாழக்கிழமை காலை அமுதவள்ளி போனபோது கெர்ட்ரூட் வெளியே இருந்தாள். முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. எழுந்திருக்க முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து இங்க உக்காந்திருக்கீங்க?"

"நேத்து நீ போனதுல இருந்துதான்." தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாகத்தான் வந்தது. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். பக்கத்து வீட்டில் கொசு மருந்து அடிக்க வந்தவனை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். கேட்டுக்கு வெளியே நின்று சிகரெட் பற்றவைத்த இரண்டு பேரை விரட்டினாளாம். மத்தியானம் வந்த வாடை இந்த நாலு வருஷத்தில் இல்லாத அளவாம். சாயந்திரம் ஆறு மணி வரை நின்றதாம்.

உள்ளே போயிருக்கலாமே, துண்டை வைத்து அடைத்துக்கொண்டு படுத்திருக்கலாமே, வெளியே உட்காரச் சொல்லி நான் சொல்லவில்லையே என்று அமுதவள்ளி பதறினாள்.

"நான் உள்ள போன நேரத்துல யாராச்சும் வந்து ஏதாச்சும் செஞ்சிட்டா? மறுபடி என்னத்தானேம்மா சொல்வாங்க."

அமுதவள்ளி வால்வை மூடினாள். கெர்ட்ரூட்டை உள்ளே கூட்டிப்போய் மருந்தை இழுக்கவைத்து, வெந்நீர் கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் இருந்தாள். பின்பு கிளினிக்குக் கூட்டிப்போகத் திருச்செல்வத்தை வேனோடு வாசலுக்கு வரச் சொன்னாள். உருண்டையைத்தான் மூடியாகிவிட்டதே, இனி எவ்வளவு எண்ணெய் வேண்டுமானாலும் சிந்தட்டும். வேன் வருவதற்குள் கெர்ட்ரூட் படிவத்தைக் கேட்டாள். இவ்வளவு நடந்தும் அதை மறக்கவில்லை. அமுதவள்ளி பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்தாள். கெர்ட்ரூட் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்து, இல்லை என்றாள். பன்னிரண்டு முறை கேட்டு, பன்னிரண்டு முறை பதில் வந்த பிறகு எழுதினாள்.

உருண்டையை அன்றைக்கே பிரித்துப் பார்த்தார்கள். தரையில் ஒரு சொட்டு தின்னர் இல்லாமலே அளவு, துடைத்த முப்பது நாளைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. கமலநாதன் பழைய வரிகளை அழித்துவிட்டு, நாலாவது இடத்தில் முந்தைய மாதிரிகள் ஆய்வுக்கூடத்தின் பிழையால் கழிக்கப்பட்டன என்றும், பிழையின்றி எடுத்த ஒரே மாதிரி கவலைக்குரிய அளவைக் காட்டுவதால் தொழிற்சாலையின் எல்லையிலும் இந்த வீட்டிலும் மறுபடி அளக்க வேண்டும் என்றும் எழுதினார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசித்தார்கள். கோப்பை மூடவில்லை. வடிகட்டி போடச் சொல்லவுமில்லை. மறுபடி அளக்கச் சொன்னார்கள், மூன்று மாதம். நாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்தது அவ்வளவுதான்.

அமுதவள்ளி போன் செய்து சொன்னாள். கெர்ட்ரூட்டுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. கோப்பை மூடவில்லை என்பதை மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அடுத்த உருண்டை என்றைக்கு வரும் என்றாள். நாற்காலி வெளியேதான் கிடக்கிறது, எடுக்கவில்லை என்றாள்.

இனி உருண்டையோடு திருச்செல்வம்தான் போவார். அவருக்குக் கொடுக்க வேண்டிய படிவக் கட்டை அமுதவள்ளி மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பதின்மூன்றாவதாக ஒரு வரியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்த கமலநாதன் ஒன்றை எடுத்துப் படித்தார். மாதிரி எடுக்கும் நேரத்தில் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாரா? ஆம், இல்லை.

"இது எதுக்கு? ஆள் பக்கத்துல உக்காந்தா மாதிரிக்கு ஒண்ணும் ஆகாதே."

"மாதிரிக்கு ஒண்ணும் ஆகாது டாக்டர்," என்றாள் அமுதவள்ளி. "அவங்களுக்கு ஆகும்."

அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவள் அடுத்த தாளை எடுத்தாள்.